ஆக்சியோஸ் (நிரலகம்)

ஆக்சியோஸ் என்பது ஜாவாஸ்கிரிப்டு மொழியில் எழுதப்படும் நிரல்கள் எச்டிடிபி கோரிக்கைகளை அனுப்பவும், அவற்றுக்கு வரும் மறுமொழிகளைப் பெறவும் பயன்படுத்தும் ஒரு கட்டற்ற நிரலகம் ஆகும். இதனை மாட் சப்ரிஸ்கி என்பவர் 2014-ஆம் ஆண்டு வெளியிட்டார். உலாவியிலும், வழங்கிப் பக்கம் இயங்கும் நோடு.ஜேஎஸ் சூழலிலும் ஒரே எழுத்துமுறையில் இதைப் பயன்படுத்தலாம். எம்ஐடி உரிமத்தின் கீழ் கிடைப்பதால் எவரும் விலையின்றி எடுத்தாளலாம். 'ஆக்சியோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் 'தகுதியுடைய' என்று பொருள்.

இந்நிரலகம் வலையிணைப்பு வேலையைத் தானே செய்வதில்லை. உலாவியில் ஏற்கெனவே உள்ள எக்ஸ்எம்எல்-எச்டிடிபி-ரிக்வெஸ்ட் என்னும் கருவியின் மேலும், நோடு.ஜேஎஸ்-இல் அங்குள்ள எச்டிடிபி கூறின் மேலும் போர்த்தப்பட்ட ஓர் உறையாக அது இருக்கிறது. இத்தகையவற்றை 'உறை நிரலகம்' என்பர். உள்ளே உள்ள கருவியின் கரடுமுரடுகளை மறைத்து, நிரலாளர் நாள்தோறும் செய்யும் வேலையை எளிதாக்குவதே உறையின் பணி. எதை மறைக்கிறது என்பதை அறியாமல் பயன்படுத்தினால் அதே உறை தொல்லையும் தரும்.

கோரிக்கை, மறுமொழி, நிலைக்குறி

வலைப்பக்கம் ஒன்று தனக்குத் தேவையான தரவை வழங்கியிடம் (சர்வரிடம்) கேட்பது கோரிக்கை. வழங்கி திருப்பி அனுப்புவது மறுமொழி. கோரிக்கையில் முகவரி, வினைமுறை, தலைப்புகள், தேவையானால் உடற்பகுதி ஆகியன இருக்கும். படிப்பதற்குக் கெட், புதிதாகச் சேர்ப்பதற்குப் போஸ்ட், முழுதாக மாற்றி எழுதுவதற்குப் புட், நீக்குவதற்கு டிலீட் என்ற வினைமுறைகள் வழக்கில் உள்ளன.

ஒவ்வொரு மறுமொழியின் தலையிலும் மூன்று இலக்க நிலைக்குறி ஒன்று உண்டு. 200 முதல் 299 வரை இருந்தால் வேலை முடிந்தது என்று பொருள். 300-இல் தொடங்குபவை 'வேறிடத்தில் பார்' என்பன. 400-இல் தொடங்குபவை கேட்டவரின் தவறு. 404 என்பது 'அப்படி ஒன்று இல்லை', 401 என்பது 'நீ யார் என்று தெரியவில்லை'. 500-இல் தொடங்குபவை வழங்கியின் தவறு. கட்டுரையின் மீதிப் பகுதியெல்லாம் இந்த மூன்று இலக்கத்தைச் சுற்றியே வரும் என்பதால் இதை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

வரலாறு

தொடக்க கால வலைப்பக்கங்களில் ஒரு சிறு மாற்றத்திற்கும் முழுப் பக்கமும் மீண்டும் ஏற்றப்பட வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்டு நிறுவனம் தன் அவுட்லுக்கு மின்னஞ்சலின் வலை வடிவத்திற்காக உருவாக்கிய ஒரு கருவி, 1999-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உலாவியில் இடம்பெற்றது. பக்கத்தை மாற்றாமலேயே பின்னணியில் தரவைக் கேட்டுப் பெற அது வழிசெய்தது. பிற உலாவிகளும் அதை எக்ஸ்எம்எல்-எச்டிடிபி-ரிக்வெஸ்ட் என்ற பெயரில் ஏற்றுக்கொண்டன. பெயரில் எக்ஸ்எம்எல் இருந்தாலும் எந்த வகைத் தரவையும் அதனால் கொண்டுவர முடியும்; பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 2005-இல் ஜெசி ஜேம்ஸ் காரெட் இம்முறைக்கு 'அஜாக்ஸ்' என்று பெயர் சூட்டிய பின் அது பரவலாக அறியப்பட்டது.

அக்கருவியை நேரடியாகக் கையாள்வது அலுப்பு தரும் வேலை. பொருளை உருவாக்கி, திறந்து, தலைப்புகளை இட்டு, நிலை மாறும்போதெல்லாம் எண்ணைச் சரிபார்த்து, பிறகே தரவைத் தொட முடியும். 2006-இல் வந்த ஜேக்குவெரி இவற்றை ஒரே அழைப்பில் அடக்கியது. பின்னர் கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் சட்டகம் 'டாலர் எச்டிடிபி' என்ற தன் சேவையை வழங்கியது. அதன் அமைப்பு நன்றாக இருந்தாலும் ஆங்குலர்ஜேஎஸ்-ஐ விட்டு வெளியே அதைப் பயன்படுத்த இயலாது. அந்த வசதியைச் சட்டகம் எதனோடும் கட்டுண்டிராத தனி நிரலகமாகத் தருவதே ஆக்சியோஸின் எண்ணம்; ஆங்குலர்ஜேஎஸ்-இன் தாக்கத்தை அதன் அறிமுக ஆவணமே வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது.

2016-இன் இறுதியில் வியூ.ஜேஎஸ் சட்டகத்தை உருவாக்கிய ஈவான் யூ, தம் சட்டகத்துக்கென இருந்த கோரிக்கை நிரலகத்தை அதிகாரபூர்வப் பரிந்துரையிலிருந்து விலக்கி, ஆக்சியோஸைப் பார்க்குமாறு சொன்னார். ரியாக்ட் பயன்படுத்துவோரும் இதையே பெரிதும் எடுத்துக்கொண்டனர். எட்டாண்டுகள் சுழியத்தில் தொடங்கும் பதிப்பெண்களிலேயே இருந்துவந்த ஆக்சியோஸ், 2022 அக்டோபரில்தான் 1.0.0 என்ற பதிப்பை எட்டியது. அதற்கு முன்பே அது எண்ணற்ற தளங்களில் வேலை செய்துகொண்டிருந்தது.

இதற்கிடையே 2015 முதல் உலாவிகளிலேயே ஃபெட்ச் என்ற புதிய வசதி வந்தது. 2022-இல் வெளியான நோடு.ஜேஎஸ் 18-ஆம் பதிப்பிலும் அது இயல்பாகவே கிடைக்கத் தொடங்கியது. 'இனி உறை நிரலகம் தேவையா?' என்ற கேள்வி அப்போதிருந்து தொடர்கிறது.

ஃபெட்ச்சும் ஆக்சியோஸும் பிரியும் இடம்

ஜாவாஸ்கிரிப்டில் 'பிராமிஸ்' எனப்படும் உறுதிமொழி என்ற கருத்து உண்டு. விடை இப்போது கையில் இல்லை, வந்ததும் நிறைவேறும், வராவிட்டால் மறுக்கப்படும் என்பது அதன் பொருள். ஃபெட்ச், ஆக்சியோஸ் இரண்டும் உறுதிமொழியையே தருகின்றன. எதை 'நிறைவேறியது' என்றும் எதை 'மறுக்கப்பட்டது' என்றும் கொள்வது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

மதிப்பெண் பதிவுப் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஓர் ஆசிரியர் நாற்பது மாணவர்களின் மதிப்பெண்களை உள்ளிட்டுச் 'சேமி' பொத்தானை அழுத்துகிறார். அந்நேரம் வழங்கியின் தரவுத்தளம் நிரம்பிவிட்டதால் அது 500 என்ற நிலைக்குறியைத் திருப்பி அனுப்புகிறது. பக்கத்தை எழுதியவர் ஃபெட்ச்சைப் பயன்படுத்தி, உறுதிமொழி நிறைவேறினால் 'சேமிக்கப்பட்டது' என்று காட்டு, மறுக்கப்பட்டால் 'பிழை' என்று காட்டு என எழுதியிருக்கிறார். திரையில் என்ன தோன்றும்? 'சேமிக்கப்பட்டது' என்றே தோன்றும். ஆசிரியர் பக்கத்தை மூடிவிட்டு, விடைத்தாள் கட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு மதிப்பெண்ணும் பதிவாகியிருக்காது.

இது ஃபெட்ச்சின் பிழையன்று. அதன் வரையறையே அப்படி. வழங்கியிடமிருந்து ஏதேனும் ஒரு விடை வந்துவிட்டால், அது 'முடியாது' என்ற விடையாயினும், வலையிணைப்பு தன் வேலையைச் செய்துவிட்டது என்றே ஃபெட்ச் கருதுகிறது. இணைப்பே கிடைக்காதபோதும், உலாவி தடுத்தபோதும், கோரிக்கை கைவிடப்பட்டபோதும்தான் அது மறுக்கிறது. நிலைக்குறி 200 முதல் 299 வரைக்குள் இருக்கிறதா என்பதை 'ஓகே' என்ற பண்பின் வழியே நிரலாளர்தான் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். ஒரு தளத்தில் அறுபது இடங்களில் ஃபெட்ச் இருந்தால் அறுபது இடங்களிலும் இந்தச் சரிபார்ப்பு வேண்டும். ஐம்பத்தொன்பது இடங்களில் எழுதிவிட்டு ஓரிடத்தில் மறப்பது மனித இயல்பு.

ஆக்சியோஸ் இதை மாற்றிவைக்கிறது. 200 முதல் 299 வரை இல்லாத நிலைக்குறி வந்தால் இயல்பாகவே உறுதிமொழி மறுக்கப்படும். மேலே சொன்ன பக்கம் ஆக்சியோஸால் எழுதப்பட்டிருந்தால் ஆசிரியர் 'பிழை' என்ற செய்தியைப் பார்த்திருப்பார். கட்டைத் திருப்பித் தந்திருக்கமாட்டார். எந்த நிலைக்குறியை ஏற்பது என்பதை 'வேலிடேட்-ஸ்டேட்டஸ்' என்ற அமைப்பால் மாற்றிக்கொள்ளவும் முடியும். 404-ஐப் பிழையாகக் கருதாமல் 'இன்னும் பதிவு இல்லை' என்று எடுத்துக்கொள்ள வேண்டிய பக்கங்களுக்கு இது உதவும். ஆக்சியோஸைத் தேர்ந்தெடுக்க வேறு காரணங்கள் பல சொல்லப்படினும், இந்த ஒன்றே மற்றவற்றைவிடக் கனமானது.

அழைக்கும் முறை

நிரலில் இப்பெயர்கள் யாவும் உரோமன் எழுத்துகளிலேயே தட்டச்சு செய்யப்படும். ஆக்சியோஸ் என்ற சொல்லை அடுத்துப் புள்ளி இட்டு, கெட், போஸ்ட், புட், டிலீட் என்ற வினைமுறைப் பெயரைச் சிற்றெழுத்தில் எழுதி, அடைப்புக்குறிக்குள் முகவரியைத் தந்தால் கோரிக்கை புறப்பட்டுவிடும். முன்னால் 'அவெய்ட்' என்ற சொல்லைச் சேர்த்தால் விடை வரும்வரை அடுத்த வரிக்குச் செல்லாது.

வந்த மறுமொழியில் 'டேட்டா' என்ற பண்பில் தரவும், 'ஸ்டேட்டஸ்' என்பதில் நிலைக்குறியும், 'ஹெடர்ஸ்' என்பதில் தலைப்புகளும் இருக்கும். ஜேசன் வடிவில் வந்த உரையை ஆக்சியோஸ் தானே பிரித்துப் பொருளாக மாற்றித் தருகிறது. அனுப்பும்போதும் பொருளை ஜேசன் உரையாக்கி, உரிய தலைப்பையும் இட்டுவிடுகிறது. ஃபெட்ச்சில் இவ்விரண்டையும் கையால் செய்ய வேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. வந்த உரை ஜேசனாக இல்லாவிட்டால் இயல்பான அமைப்பில் ஆக்சியோஸ் பிழை எழுப்பாது. அந்த உரையை அப்படியே சரமாகத் தந்துவிடும். வழங்கி பராமரிப்பில் இருக்கும்போது, 200 என்ற நிலைக்குறியோடு 'சிறிது நேரம் கழித்து வருக' என்னும் எச்டிஎம்எல் பக்கத்தை அனுப்பும் தளங்கள் உண்டு. அப்போது மாணவர் பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீண்ட சரம் இருக்கும். நிரல் அங்கே உடையாமல் பத்து வரி தள்ளி உடையும். தேடுபவருக்கு இடம் பிடிபடாது. வந்தது எதிர்பார்த்த வடிவில்தான் உள்ளதா என்று பார்க்கும் பொறுப்பை எந்த உறையும் எடுத்துக்கொள்வதில்லை.

வாதங்களின் வரிசையில் நிகழும் தவறு புதியவர்களிடம் மிகுதி. கெட் அழைப்பில் இரண்டாவது வாதம் அமைப்புப் பொருள். போஸ்ட் அழைப்பில் இரண்டாவது வாதம் அனுப்பவேண்டிய தரவு. அமைப்புப் பொருள் மூன்றாவதாக வரும். கெட்டில் பழகிய கையால் போஸ்ட்டிலும் தலைப்புகளை இரண்டாவதாகத் தந்தால், அவை தலைப்பாகப் போகாமல் உடற்பகுதியாகப் போய்விடும். வழங்கி 401 என்று திருப்பும். நிரலாளரோ 'சாவியைக் கொடுத்தேனே' என்று தலையைப் பிய்த்துக்கொள்வார். உடற்பகுதி இல்லாத போஸ்ட் கோரிக்கையானாலும் இரண்டாவது இடத்தை வெற்றுப் பொருளால் நிரப்பிவிட்டே மூன்றாவதைத் தர வேண்டும்.

தமிழ்ச் சொற்களைத் தேடும்போது

முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் தேடற்சொற்களை 'பாராம்ஸ்' என்ற பொருளாகத் தரலாம். முகவரிகளில் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் தவிர வேறெதுவும் நேரடியாகச் செல்லாது. மற்ற எழுத்துகள் யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு பதினாறடிமான இலக்கங்களுமாக எழுதப்படும். யூனிகோடில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்வது. 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகர விசிறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். ஆகவே பதினைந்து பைட்டுகள். முகவரியில் 45 எழுத்துகள்.

இந்த மாற்றத்தை ஆக்சியோஸ் தானே செய்கிறது. ஃபெட்ச்சில் முகவரியைச் சரமாக ஒட்டி எழுதினாலும் தமிழ் எழுத்துகள் தாமாகவே மாறிவிடும். அங்கே சிக்கல் வேறு. தேடும் பெயரில் & குறி இருந்தால் முகவரி அந்த இடத்தில் இரண்டாக உடைந்து, பாதிப் பெயரே வழங்கிக்குச் செல்லும். + குறி இருந்தால் வழங்கி அதை இடைவெளியாகப் படித்துவிடக்கூடும். நோடு.ஜேஎஸ்-இன் அடிப்படை எச்டிடிபி கூறுக்கோ பாதையில் ஒரு தமிழ் எழுத்தை நேராகக் கொடுத்தாலே 'மாற்றப்படாத எழுத்து உள்ளது' என்று பிழை எழுப்பி நின்றுவிடும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் இட்டுச் சோதித்துவிட்டு வெளியிடப்படும் தளங்கள் தமிழ்ப் பெயரைக் கண்டதும் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம். பாராம்ஸ் வழியே தரும் பழக்கம் இருந்தால் இம்மூன்றும் தீரும்.

பிழையைப் பிரித்தறிதல்

மறுக்கப்பட்ட உறுதிமொழியோடு பிழைப் பொருள் ஒன்று வரும். அதைத் திறந்து பார்த்தால் நடந்தது என்ன என்று தெரியும். அதில் 'ரெஸ்பான்ஸ்' இருந்தால் வழங்கி விடை சொல்லியிருக்கிறது, அந்த விடை மறுப்பு என்று பொருள். ரெஸ்பான்ஸ் இல்லாமல் 'ரிக்வெஸ்ட்' மட்டும் இருந்தால் கோரிக்கை புறப்பட்டது, விடை வரவில்லை. இரண்டும் இல்லையென்றால் கோரிக்கையை உருவாக்கும்போதே ஏதோ தவறு.

பயனருக்குச் சொல்ல வேண்டியது மூன்றிலும் வேறு. முதலாவதில் 'மதிப்பெண் 100-க்கு மேல் இருக்கக்கூடாது' என்று வழங்கி தந்த காரணத்தைக் காட்டலாம். மூன்றாவது நிரலாளர் திருத்த வேண்டியது. இரண்டாவதுதான் கடினம்: விடை வரவில்லை என்பதால் வேலை நடக்கவில்லை என்று ஆகிவிடாது. கடிதம் போய்ச் சேர்ந்து, பதில் கடிதம் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம்.

காலவரம்பும் மறுமுயற்சியும்

ஆக்சியோஸில் 'டைம்அவுட்' என்ற காலவரம்பு அமைப்பு உண்டு, அளவு மில்லிநொடி. அதன் இயல்பு மதிப்பு சுழியம். சுழியம் என்றால் உடனே நிறுத்து என்று பொருளல்ல, வரம்பே இல்லை என்று பொருள். எனவே காலவரம்பு இடாத கோரிக்கை, வழங்கி திணறும்போது சுழலும் சக்கரத்தோடு காத்துக்கொண்டே இருக்கும். வழங்கிப் பக்க நிரலில் இது மேலும் தீங்கானது. காத்திருக்கும் கோரிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, நலமாக உள்ள வழங்கியையும் சேர்த்து முடக்கிவிடும்.

காலவரம்பு தாண்டியதும் மீண்டும் முயல்வது இயல்பான எண்ணம். ஆக்சியோஸில் மறுமுயற்சி உள்ளடங்கியதன்று. தனிச் செருகு பொதிகளால் சேர்க்கப்படுவது. இங்கே வினைமுறை முக்கியம். கெட் எத்தனை முறை சென்றாலும் கெடுதல் இல்லை. புட், டிலீட் இரண்டும் திரும்பச் சென்றால் முடிவு மாறாது. 'இம்மாணவரின் மதிப்பெண் 72' என்று இருமுறை எழுதினாலும் 72 தான். போஸ்ட் அப்படியன்று. கட்டணம் செலுத்தும் கோரிக்கை வழங்கியை அடைந்து, பணம் எடுக்கப்பட்டு, விடை வருமுன் காலவரம்பு முடிந்துவிட்டால், மறுமுயற்சி அதே பணத்தை மீண்டும் எடுக்கும். பயனர் பொறுமையிழந்து பொத்தானை மறுபடி அழுத்தினாலும் இதே கதைதான்.

இதைத் தடுக்க, ஒவ்வொரு செயலுக்கும் நிரலே ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கித் தலைப்பில் அனுப்பும் முறை உள்ளது. மறுமுயற்சியிலும் அதே எண் செல்லும். முன்பே முடித்த எண் என்று கண்டால் வழங்கி மீண்டும் செய்யாமல் பழைய விடையையே தரும். ஸ்டிரைப் போன்ற பணப்பரிமாற்றச் சேவைகள் இதற்கெனத் தனித் தலைப்பு வைத்துள்ளன. இது வழங்கியும் ஒத்துழைத்தால் மட்டுமே நடக்கும். உறை நிரலகம் எவ்வளவு நல்லதாயினும் இதனைத் தனியே தீர்த்துவைக்க முடியாது.

புறப்பட்ட கோரிக்கையைப் பாதியில் கைவிடவும் வழி உண்டு. முன்பு 'கேன்சல்-டோக்கன்' என்ற சொந்த முறையை ஆக்சியோஸ் வைத்திருந்தது. 0.22 பதிப்பிலிருந்து உலாவிகளின் பொது வசதியான 'அபார்ட்-கன்ட்ரோலர்' ஏற்கப்பட்டு, பழைய முறை கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டது. பழைய பாடங்களைப் பார்த்துப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தனிப்படியும் இடைமறிப்பிகளும்

பெரிய தளங்களில் ஒவ்வோர் அழைப்பிலும் முழு முகவரியும் காலவரம்பும் எழுதுவது வீண். 'கிரியேட்' என்ற செயற்கூறால் அடிப்படை முகவரி, காலவரம்பு, தலைப்புகள் ஆகியவற்றை ஏற்றிவைத்த தனிப்படி ஒன்றை உருவாக்கி, தளம் முழுதும் அதையே பயன்படுத்தலாம். வழங்கியின் முகவரி மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

'இன்டர்செப்டர்' எனப்படும் இடைமறிப்பிகள் இதன் அடுத்த படி. கோரிக்கை புறப்படுமுன் ஒரு செயற்கூறும், மறுமொழி வந்தபின் ஒரு செயற்கூறும் நடுவே நின்று பார்வையிடலாம். நுழைவுச் சாவியைத் தலைப்பில் சேர்ப்பது முதல் வகையின் வழக்கமான பணி. பல இடைமறிப்பிகள் இருந்தால் கோரிக்கைப் பக்கம் கடைசியாகச் சேர்த்தது முதலில் இயங்கும். மறுமொழிப் பக்கம் சேர்த்த வரிசையிலேயே இயங்கும்.

மறுமொழி இடைமறிப்பியில் ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. பிழை வந்தால் பதிவேட்டில் குறித்துவைக்க ஒரு செயற்கூறு எழுதுவர். குறித்தபின் அப்பிழையை மீண்டும் மறுப்பாகத் திருப்பி அனுப்ப மறந்துவிடுவர். இடைமறிப்பி எதையும் திருப்பாவிட்டால், பிழை கையாளப்பட்டுவிட்டது என்று கொண்டு உறுதிமொழி நிறைவேறியதாகிவிடும். அழைத்த இடத்தில் விடையின் மதிப்பு 'வரையறுக்கப்படாதது' என்று இருக்கும். ஆனால் பிழைப்பகுதி இயங்காது. மதிப்பெண் பக்கம் மறுபடியும் 'சேமிக்கப்பட்டது' என்று சொல்லும். ஃபெட்ச்சில் எந்தக் குழியிலிருந்து தப்ப ஆக்சியோஸ் எடுக்கப்பட்டதோ, அதே குழியை ஒற்றை வரி விடுபாட்டால் திரும்ப வெட்டிக்கொள்வது இது. இம்முறை தளத்தின் எல்லாக் கோரிக்கைகளுக்கும் சேர்த்து.

இன்னொன்று, 401 வந்தால் புதிய சாவி வாங்கி மீண்டும் அனுப்பும் இடைமறிப்பி. சாவி வாங்கும் கோரிக்கையே 401 பெற்றால் அது தன்னையே அழைத்துக்கொண்டு முடிவின்றிச் சுற்றும். ஒரு கோரிக்கை ஒருமுறைதான் மீண்டும் செல்லலாம் என்ற அடையாளத்தை அதன் அமைப்பிலேயே குறித்துவைத்து இதைத் தவிர்ப்பர்.

பாதுகாப்பு

நுழைவுச் சாவியை ஆக்சியோஸின் பொது அமைப்பில் நிரந்தரமாக ஏற்றிவைப்பது உலாவியில் பெரிய தீங்கு தராமல் போகலாம். அங்கே பயனர் ஒருவரே. நோடு.ஜேஎஸ் வழங்கியில் ஒரே நிரல் பலருக்கும் வேலை செய்வதால், ஒருவரின் சாவி மற்றவரின் கோரிக்கையோடு சென்று, ஒருவர் தரவை மற்றவர் பார்க்க நேரிடும். வழங்கியில் சாவியை அந்தந்தக் கோரிக்கைக்கு மட்டுமே தர வேண்டும்.

பிழைப் பொருளை முழுதாகப் பதிவேட்டில் எழுதுவதும் ஆபத்து. அப்பொருளுக்குள் கோரிக்கையின் அமைப்பு முழுவதும் இருக்கும். அதற்குள் தலைப்புகள், தலைப்புகளுக்குள் சாவி. பதிவேட்டைப் படிக்கக்கூடிய எவர் கையிலும் சாவி கிடைத்துவிடும். நிலைக்குறி, முகவரி, செய்தி ஆகியவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து எழுதுவதே முறை.

நிரலகத்திலேயே குறைகள் கண்டறியப்பட்டதும் உண்டு. போலிக் கோரிக்கைகளைத் தடுப்பதற்காகக் குக்கியில் இருக்கும் ஒரு மறைக்குறியை ஆக்சியோஸ் தலைப்பில் சேர்த்து அனுப்புவது வழக்கம். சில பதிப்புகளில் அம்மறைக்குறி தொடர்பில்லாத வேறு தளங்களுக்கும் சென்றுவிடக்கூடிய நிலை இருந்தது. சிவிஇ-2023-45857 என்ற எண்ணில் பதிவான இக்குறை 1.6.0 பதிப்பில் திருத்தப்பட்டது. மற்றொன்று அடிப்படை முகவரி பற்றியது. தனிப்படியில் அடிப்படை முகவரி இட்டிருந்தாலும், அழைப்பில் முழு முகவரி ஒன்றைத் தந்தால் கோரிக்கை அங்கேயே செல்லும். பயனர் தந்த சரத்தை அப்படியே முகவரியாக வைக்கும் தளத்தில், தீய எண்ணமுள்ளவர் தம் தளத்தின் முகவரியைத் தந்து சாவியோடு கூடிய கோரிக்கையைத் தம்மிடம் வரவழைக்க இயலும். முழு முகவரியை மறுக்கும் அமைப்பு 1.8 வரிசையில்தான் சேர்ந்தது. அதையும் நிரலாளரே இயக்கிவைக்க வேண்டும்.

'சிஓஆர்எஸ்' எனப்படும் பிற தளத் தடையை ஆக்சியோஸ் நீக்கிவிடும் என்று சிலர் நம்புவது தவறு. அத்தடை உலாவியுடையது, அனுமதி தர வேண்டியது வழங்கி.

தேவையும் மாற்றுகளும்

இரண்டு மூன்று கோரிக்கைகள் மட்டும் உள்ள சிறு பக்கத்திற்கு ஆக்சியோஸ் வேண்டியதில்லை. நிலைக்குறியைச் சரிபார்த்து, ஜேசனைப் பிரித்து, காலவரம்பும் இட்டு, ஃபெட்ச்சின் மேல் இருபது வரியில் ஓர் உறையை எவரும் எழுதிக்கொள்ளலாம். பயில்பவர்கள் ஒருமுறையாவது அப்படி எழுதிப் பார்த்தபின் ஆக்சியோஸுக்கு வந்தால், அது என்ன செய்கிறது என்பது தானே விளங்கும். பெரிய கோப்புகளைப் பதிவேற்றும்போது எத்தனை விழுக்காடு சென்றது என்று காட்ட வேண்டிய பக்கங்களுக்கு மட்டும் நிலைமை வேறு. எக்ஸ்எம்எல்-எச்டிடிபி-ரிக்வெஸ்ட் தரும் அந்த வசதியை ஃபெட்ச் தருவதில்லை; ஆக்சியோஸ் அதன்மேல் அமர்ந்திருப்பதால் எளிதில் தருகிறது. 1.7 பதிப்பு முதல் விரும்பினால் ஃபெட்ச்சின் மேலும் ஆக்சியோஸை இயக்கலாம்.

வெளியார் பொதியைச் சார்ந்திருப்பதில் உள்ள கவலையும் புறக்கணிக்கத்தக்கதன்று. 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற பதினொரு வரிப் பொதி களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டதும் அதை நம்பியிருந்த பெரிய திட்டங்கள் பலவும் கட்டமைக்க முடியாமல் நின்றன. நோடு.ஜேஎஸ் உலகில் நெடுங்காலம் கோலோச்சிய 'ரிக்வெஸ்ட்' நிரலகம் 2020 பிப்ரவரியில் கைவிடத்தக்கதாக அதன் பராமரிப்பாளர்களாலேயே அறிவிக்கப்பட்டது. அதை நம்பியிருந்தோர் மாற்று தேட வேண்டியதாயிற்று. தளத்தின் எல்லாக் கோப்புகளிலும் ஆக்சியோஸை நேரடியாக அழைக்காமல், சொந்தமாக ஒரு சிறு கோப்பில் மட்டும் அதை அழைத்து, மற்றவை அக்கோப்பை அழைக்குமாறு அமைத்தால், நாளை நிரலகத்தை மாற்ற நேர்ந்தாலும் ஒரு கோப்போடு வேலை முடியும்.

ஒப்பிடத்தக்க பிற நிரலகங்களுள் சிண்ட்ரே சோர்ஹஸ் உருவாக்கிய 'கை' ஃபெட்ச்சின் மேல் அமைந்த சிறிய உறை. 2xx அல்லாத நிலைக்குறியைப் பிழையாகக் கொள்வதோடு மறுமுயற்சியையும் உள்ளடக்கியது, இயல்பாகப் போஸ்ட்டை அதிலிருந்து விலக்கியும் வைத்துள்ளது. அவரே தொடங்கிய 'காட்' நோடு.ஜேஎஸ்-க்கு உரியது. 'சூப்பர்-ஏஜெண்ட்' ஆக்சியோஸைவிட முந்தியது. இன்றும் சோதனை நிரல்களில் காணலாம்.